முதல் ரீலில் செத்துப்போனவர்

தூத்துக்குடியில் உப்பளத்துக்குப் போகும் ரோட்டில், கடற்காற்று சுவரைத் தின்று உள்ளே இருக்கும் கம்பியை வெளியே காட்டிக்கொண்டிருக்கிற ஒரு ஹவுசிங் போர்டு குடியிருப்பின் மூன்றாவது மாடியில், மத்தியானச் சாப்பாடு முடிந்து பழைய கொலைப் படம் பார்த்துக்கொண்டிருந்த செண்பகவடிவு, படத்தில் செத்துப்போன ஒருவரைப் பார்த்து வாய்தவறி "போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டாள், அவரும் வந்துவிட்டார். நடந்த அதிசயம் இவ்வளவுதான், அதில் விளக்குவதற்கு ஒன்றும் இல்லை. வந்தவரை வைத்துக்கொண்டு குடியிருப்பு என்ன பாடு பட்டது, வடிவு என்ன பாடு பட்டாள் என்பதுதான் சொல்ல வேண்டியது.

வடிவின் வாயையும் குறை சொல்ல முடியாது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய திரவியத்துக்கு வாழ்க்கைப்பட்ட நாளிலிருந்து, பகல் ஷிப்டோ இரவு ஷிப்டோ, சண்டையோ சமாதானமோ, அவர் செருப்பை மாட்டும்போது வாசலில் நின்று அந்த இரண்டு வார்த்தையைச் சொல்லாமல் அவள் இருந்ததில்லை. சொல்லிவிட்டு, அவர் திரும்பி வரும்வரை கதவைத் தாழ்போடாமல் வெறுமனே ஒருக்களித்து வைத்திருப்பாள். சொல்லாமல் விட்டது ஒரே ஒரு தடவை. அவரைத் தூக்கிக்கொண்டு படி இறங்கியபோது நாக்கின் நுனிவரை வந்ததை, சாவு வீட்டில் யாரும் சொல்லக்கூடாத வார்த்தை என்பதால், பல்லைக் கடித்து உள்ளே தள்ளினாள். துக்கம் விசாரிக்க, துட்டி கேட்க வந்தவர்களும் முறைப்படி ஒன்றும் சொல்லாமல் எழுந்து எழுந்து போனார்கள். அதற்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து புறப்பட்டுப் போக ஆள் கிடையாது, ஆகவே திரும்பி வரவும் ஆள் கிடையாது. பூனாவில் இருக்கும் மகள் ஞாயிற்றுக்கிழமை பேசுவாள், பேச்சு முடிந்தால் "வைக்கேம்மா" என்பாள். போனில் யாரும் போயிட்டு வாரேன் என்று சொல்வதில்லை. பால்காரரிடமும், கேஸ் சிலிண்டர் தூக்கி வருகிறவரிடமும், கரண்டு ரீடிங் எடுக்க வருகிறவரிடமும் வடிவு அந்த வார்த்தையைச் சொல்லித் தீர்த்துக்கொண்டாள். அவர்கள் "சரிம்மா" என்று மட்டும் சொல்லி இறங்கிப் போவார்கள்.

மீதி நேரத்துக்கு டிவி இருந்தது. ஒரு சேனலில் மத்தியானந்தோறும் கறுப்பு வெள்ளைப் படம் போட்டார்கள், அதில் பெரும்பாலும் கொலை இருந்தது. வடிவுக்குப் படத்தின் பெயரோ நடித்தவர் பெயரோ மனதில் நிற்காது, ஆனால் அபிப்பிராயம் நிறைய உண்டு. வேர்த்துக் கொட்டுகிற மெட்ராஸில் கொலைகாரன் எதற்குக் கையுறை போட்டுத் திரிகிறான் என்பாள். இருட்டு வீட்டுக்குள் நுழைகிற கதாநாயகி சுவரைத் தடவி லைட்டைப் போட்டால் பாதிப் படம் மிச்சம் என்பாள். பைப் பிடிக்கிற டாக்டரை முதல் பார்வையிலேயே நம்ப மாட்டாள், பியானோ இருக்கிற வீட்டில் பெண் கொடுக்கக் கூடாது என்பாள், ரகசியம் சொல்ல வந்தவன் "அது யாரென்றால்" என்று இழுக்காமல் முதலில் பேரைச் சொல்லித் தொலைத்துவிட்டுப் பிறகு கதையை அளந்தால் என்ன என்பாள். இதையெல்லாம் சுவரைப் பார்த்துத்தான் சொன்னாள், கேட்க வேறு யார் இருக்கிறார்கள். அவளுடைய பெரிய குறை வேறு. செத்தவனுக்காக அந்தப் படங்களில் ஒருத்தர்கூட அழுவதில்லை. துணியைப் போர்த்தி இரண்டு போலீஸ்காரர்கள் தூக்கிக்கொண்டு போன மறு நிமிஷம் அத்தனை பேரும் கொலைகாரனைத் தேடக் கிளம்பிவிடுகிறார்கள். பந்தல் இல்லை, கொட்டு இல்லை, வந்தவர்களுக்கு ஒரு செம்புத் தண்ணீர் இல்லை. தேடி என்ன ஆகிறது என்பதும் வடிவுக்குத் தெரியாது, ஏனென்றால் படம் முடிகிற நேரத்துக்குக் கீழே தண்ணீர் லாரி வந்துவிடும், அவள் குடத்தோடு இறங்கிவிடுவாள். ஆகவே எத்தனையோ கொலை பார்த்தும் ஒரு கொலைகாரனைக்கூட அவள் பார்த்ததில்லை.

அன்றைய படத்தில் செத்தவர் ஒரு மேனேஜர். மலைமேல் ஒரு பங்களா, அதன் கேட்டில் கார் வந்து நின்றது, வேட்டியும் மூடிய கோட்டும் போட்ட அந்த மனிதர் இறங்கினார், உள்ளே வந்து சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தார், பக்கத்தில் வைத்த காப்பியை எடுக்கக் கையை நீட்டினார். பின்னாலிருந்து கத்தி இறங்கியது. காப்பி அப்படியே இருந்தது. அந்தக் காப்பிதான் வடிவை என்னவோ செய்துவிட்டது. திரவியமும் காப்பி கொஞ்சம் ஆறட்டும் என்று வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர்தான், பிறகு எழுந்திருக்கவில்லை. மேனேஜரைப் போலீஸ்காரர்கள் வாசல் தாண்டித் தூக்கிப் போகும்போது, படத்தில் யாரும் ஒரு வார்த்தை கேட்காத ஆற்றாமையில், "பாவம், போயிட்டு வாங்க" என்றாள் வடிவு. சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு புறப்படும்போது வாசல் மணி அடித்தது. மேனேஜர் நின்றுகொண்டிருந்தார். தலைமுடி முதல் செருப்பு வரை கறுப்பும் வெள்ளையும் சாம்பலும்தான், வேறு நிறம் ஒரு பொட்டு இல்லை. முதுகில் கத்தி இருந்தது.

"வரச் சொன்னீர்களே அம்மா, அதனால் வந்தேன்," என்றார், பழைய படத்துப் பேச்சிலேயே.

வடிவு குடத்தைக் கீழே வைத்தாள். "மூணு மாடி ஏறி வந்திருக்கிய. உள்ள வாங்க, மொதல்ல காப்பியக் குடிங்க," என்றாள்.

காப்பி குடித்து முடித்ததும் கத்தியை அவளே பிடுங்கினாள். ரத்தம் வரவில்லை, கோட்டில் ஒரு கிழிசல் மட்டும் விழுந்தது. கத்தியைத் தேய்த்துக் கழுவி அடுப்படியில் அரிவாள்மணைக்குப் பக்கத்தில் சாத்திவைத்தாள், கோட்டைத் தைத்துக் கொடுத்தாள். வீட்டில் சாம்பல் நிற நூல் இல்லாததால் நீல நூலில் தைத்தாள். அந்த ஆளிடம் நிறமாக இருந்தது அந்த ஒரு கோடுதான்.

கீழ் வீட்டு ரெஜினாள்தான் முதலில் பார்த்தது. மீன்குழம்பு கொண்டுவந்தவள், கதவைத் திறந்த மேனேஜரை மேலும் கீழும் பார்த்து, "எக்கா, இவிய யாரு, கலரே இல்லாம இருக்காவ," என்றாள். வடிவு விஷயத்தைச் சொன்னாள். "நீங்க ஏங்க்கா அப்படிச் சொன்னிய, செத்தவியகிட்ட அதச் சொல்லலாமா," என்று ரெஜினாள் கடிந்துகொண்டாளே தவிர, அவர் வந்ததில் அவளுக்கு ஆச்சரியம் இல்லை. சொன்னால் வரத்தானே செய்வார்கள், அதனால்தானே சொல்லக் கூடாது என்று வைத்திருக்கிறார்கள். குடியிருப்பு முழுக்க இதே நியாயம்தான் பேசப்பட்டது.

குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர் மாசிலாமணி அண்ணாச்சி நேரில் வந்து, நிறம் இல்லாவிட்டாலும் தலை தலைதான் என்று சொல்லி, வடிவு வீட்டுக்குத் தண்ணீரில் கூடுதலாக ஒரு குடம் ஒதுக்கினார். போலீஸ் வந்து கொலை நடந்த இடம் எது என்று கேட்டது, மலைமேல் என்று மேனேஜர் சொன்னதும், அப்படியென்றால் எங்கள் லிமிட் இல்லை என்று சந்தோஷமாகத் திரும்பிப் போனது. முடிவெட்டுகிறவர் சாம்பல் முடியைத் தனியாகப் பெருக்கி அள்ளினார். இவரைப் பற்றியும் வடிவைப் பற்றியும் நாலு பேர் நாலு விதமாகப் பேசியிருக்கலாம், ஆனால் செத்தவரைப் பற்றி என்ன பேசுவது என்று யாரும் பேசவில்லை. எல்லாருக்கும் கேட்க வேண்டியிருந்தது ஒன்றுதான்: கொன்றது யார்? கூட்டம் கூட்டமாக மாடி ஏறி வந்து கேட்டார்கள். "எனக்கு எப்படித் தெரியும் ஐயா, நான் காப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்," என்றார் மேனேஜர். கடைசிவரை படம் பார்த்திருப்பாளே என்று வடிவைக் கேட்டார்கள், அவள் தண்ணீர் லாரியைச் சொன்னாள். பைப் பிடிக்கிற டாக்டராகத்தான் இருக்கும் என்று மாசிலாமணி அண்ணாச்சி அடித்துச் சொன்னார். பிறகு ஒவ்வொருத்தராக வருவது குறைந்து, படி ஏறி வருகிறவர் ரெஜினாள் ஒருத்திதான் என்றாயிற்று.

வடிவுக்கு அதில் வருத்தம் இல்லை. மத்தியானம் இருவரும் படம் பார்த்தார்கள். அவள் அபிப்பிராயம் சொன்னாள், அவர் "உண்மைதான் அம்மா" என்றார். சுவர் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. படத்தில் எவனாவது நாற்காலியில் தனியாக உட்கார்ந்தால் மேனேஜருக்கு இருப்புக்கொள்ளாது, "முதுகைச் சுவரோடு வைத்து உட்காருங்கள் ஐயா," என்று டிவியைப் பார்த்துக் கெஞ்சுவார். வெயில் தாழ்ந்ததும் கடற்கரைப் பக்கம் நடக்கப் புறப்படுவார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு "போய் வருகிறேன் அம்மா" என்பார். "போயிட்டு வாங்க" என்பாள் வடிவு. சொல்லிவிட்டுக் கதவை ஒருக்களித்து வைப்பாள். விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவர் வந்துவிடுவார், கதவு திறக்கிற சத்தம் கேட்கும். அதைக் கேட்பதற்காகவே அவள் அடுப்படியில் பாத்திரத்தைத் தட்டாமல் நிற்பாள். அந்த நாட்களில் அவள் சந்தோஷமாக இருந்தாள்.

ஒன்றே ஒன்றுதான் உறுத்திற்று. மேனேஜரின் கத்தி நன்றாக வெட்டியது, முருங்கைக்காயை அதில்தான் நறுக்குவாள். ஒருநாள் நறுக்கிக்கொண்டிருந்தபோது, முன்பின் தெரியாத ஒருத்தர் நான் சொன்னதற்காக இவ்வளவு தூரம் வந்தாரே, அன்றைக்குத் திரவியத்திடமும் சொல்லியிருந்தால், என்று தோன்றியது. கை நின்றுவிட்டது. அன்றைக்குக் குழம்பு வைக்கவில்லை, மோரை ஊற்றிச் சாப்பிட்டார்கள்.

மேனேஜருக்கும் ஓர் உறுத்தல் இருந்தது. காரிலிருந்து இறங்குவதற்கு முந்தியது எதுவும் அவருக்கு ஞாபகம் இல்லை. படத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடாததால் அவர் பெயரும் அவருக்குத் தெரியவில்லை. ஆனாலும் வெளியே புறப்படும்போதெல்லாம் வாசல் நிலையைத் தொட்டுக்கொண்டு, "வீட்டில் சொல்லிவிட்டு வந்தேனா என்பதுதான் நினைவில்லை அம்மா," என்பார்.

"வீடுன்னு ஒண்ணு இருந்துச்சா?"

"தெரியவில்லை. இருந்திருந்தால் சொல்லியிருப்பேன்."

அந்தப் படத்தை அதே சேனலில் மறுபடி போட்டபோது குடியிருப்பே வடிவின் வீட்டில் கூடியது. கேட்டில் கார் வந்து நின்றது, யாரும் இறங்கவில்லை. நாற்காலி காலியாக இருந்தது, காப்பி ஆவி விட்டுக்கொண்டிருந்தது. கையுறை போட்டவன் திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து கையை மட்டும் நீட்டி, காற்றைத் துழாவி, கத்தியைக் காணாமல் கையை உள்ளே இழுத்துக்கொண்டான். போலீஸ் வந்தது, கேஸ் இல்லாததால் பெஞ்சில் உட்கார்ந்தது. கதாநாயகனும் கதாநாயகியும் பைப் டாக்டரும் ஹாலில் உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், சிரிப்பு நடிகர் மட்டும் அவ்வப்போது வந்து, யாரும் சிரிக்காததால் திரும்பிப் போனார். மாசிலாமணி அண்ணாச்சி விழுந்து விழுந்து சிரித்தார். அப்போதுதான் கேட்டுக்கு வெளியே ஒரு பெண் நிற்பதை ரெஜினாள் காட்டினாள். சாதாரணச் சேலை, கையில் டிபன் கேரியர். முதலில் அந்தப் படத்தைப் பார்த்தபோது அவள் இல்லை என்பது வடிவுக்கு நிச்சயமாகத் தெரியும். அவள் உள்ளே வரவில்லை, யாரையும் கேட்கவில்லை, காரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"யாரு இது?" என்றாள் வடிவு.

மேனேஜர் டிவிக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தார். "இந்த அம்மாளைத் தெரியவில்லை," என்றார். பிறகு, "ஆனால் அந்தக் கேரியர் என்னுடையது. மேல் மூடியில் நெளிவு இருக்கிறது பாருங்கள், நான்தான் கீழே போட்டேன்," என்றார்.

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

மறுநாள் வேறொரு படம். அதிலும் அந்தப் பெண் ரயில்வே ஸ்டேஷனில் கேரியரோடு நின்றாள். அடுத்த நாள் ஒரு கல்யாண வீட்டில், பந்திக்கு நடுவே யாரையோ தேடிக்கொண்டு நின்றாள். கோர்ட்டு சீனில் கடைசி பெஞ்சுக்குப் பின்னால் நின்றாள், டூயட் பாட்டில் மரத்துக்குப் பின்னால் நின்றாள், மழையிலும் நின்றாள், கேரியரை முந்தானையால் மூடிக்கொண்டு நின்றாள். வடிவு பார்த்தாள், மேனேஜரும் பார்த்தார், இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அந்தப் படத்தை வரும் வெள்ளிக்கிழமை மீண்டும் காட்டப்போவதாகத் திரையின் அடியில் எழுத்து ஓடிய அன்று, கேபிள் கெட்டுவிட்டது என்று சொல்லி வடிவு டிவிமேல் ஒரு பெட்ஷீட்டைப் போர்த்திவிட்டாள். கேபிள் கெடவில்லை. அவர் போய்விடுவாரோ என்று பயமாக இருந்தது, வேறு காரணம் இல்லை.

ரெஜினாள் மேலே வந்து பெட்ஷீட்டைப் பார்த்தாள். "எங்க வீட்டு டிவிலயும் நிக்கா அக்கா. சாமி படத்துல, அரண்மனத் தூணுக்குப் பின்னால நிக்கா."

"நின்னா நிக்கட்டும்."

"எத்தன நாளைக்கு நிப்பா?"

"நானா நிக்கச் சொன்னேன்?" என்றாள் வடிவு. குரல் அவளுக்கே பிடிக்கவில்லை.

ரெஜினாள் தரையில் உட்கார்ந்தாள். "எங்க அப்பா கடலுக்குப் போயி வரல. செத்தாவன்னு சொல்ல ஒரு கட்டகூட கரை ஒதுங்கல. எங்கம்மா சாவுற வரைக்கும் ராத்திரி ஒரு தட்டு தனியா எடுத்து வச்சா. ஒங்களுக்கு திரவியம் அண்ணாச்சி போனது தெரியும், அழுதிய. இவளுக்கு யாரு போயிச் சொன்னா?"

ரெஜினாள் போன பிறகு வடிவு பெட்ஷீட்டை எடுத்து மடித்து வைத்தாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் குடியிருப்புப் பெண்கள் எல்லாரும் வந்திருந்தார்கள், மாசிலாமணி அண்ணாச்சியும் வந்திருந்தார். மேனேஜர் முகம் கழுவிக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

"நீங்கள்தான் வரச் சொன்னீர்கள். நீங்கள் விட்டால்தான் நான் போக முடியும்," என்றார். "போனால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"அந்தக் காப்பியைக் குடிக்க விடமாட்டார்கள் அம்மா."

"இங்க குடிச்சிட்டுப் போங்க," என்றாள் வடிவு.

அன்றைக்குப் பாலில் தண்ணீர் விடவில்லை. அவர் சுவரோடு முதுகை வைத்து உட்கார்ந்து, டம்ளரை முழுக்கக் காலி செய்தார். வடிவு அடுப்படிக்குப் போய்க் கத்தியைக் கழுவித் துடைத்து, பழைய பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்தாள். கத்தியைக் கைக்குக் கை கொடுக்கக் கூடாது, உறவு அறுந்துபோகும். ஆகவே தரையில் வைத்தாள், அவர் குனிந்து எடுத்துக்கொண்டார். யாரைக் கொல்லப்போகிற கத்தியோ அவர் கையிலேயே அதைக் கொடுத்தனுப்புகிறோமே என்று அவளுக்குத் தோன்றியது.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு பழக்கத்தில் திரும்பினார். பழக்கத்தில் வடிவும் வாசலுக்கு வந்துவிட்டாள். வார்த்தை நாக்கின் நுனியில் நின்றது. சொன்னால் வந்துவிடுவார், நாளைக்கும் காப்பி குடிப்பார், நாளைக்கும் "உண்மைதான் அம்மா" என்பார், அங்கே அவள் கேரியரோடு இன்னொரு படத்தில் போய் நிற்பாள். வடிவு முந்தானையை உருட்டி வாயில் திணித்துக்கொண்டாள். மேனேஜர் புரிந்துகொண்டார். அவரும் ஒன்றும் சொல்லாமல் படி இறங்கினார். மூன்று மாடிக்கும் செருப்புச் சத்தம் கேட்டது, பிறகு கேட்கவில்லை.

டிவியில் படம் ஆரம்பித்தது. கேட்டில் கார் வந்து நின்றது, மேனேஜர் இறங்கினார். இந்தத் தடவை நேராக உள்ளே போகாமல், அந்தப் பெண்ணின் முன்னால் போய் நின்றார். கேரியர் மூடியின் நெளிவைத் தொட்டார். ஏதோ சொன்னார், அந்த இடத்துக்கு யாரும் வசனம் எழுதவில்லை போலிருக்கிறது, சத்தம் வரவில்லை. அவள் பதிலுக்கு இரண்டே வார்த்தை சொன்னாள். சத்தம் வராவிட்டால் என்ன, அந்த இரண்டு வார்த்தைக்கு உதடு எப்படி அசையும் என்பது வடிவுக்குத் தெரியாதா.

அவர் உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தார். பேப்பர் பொட்டலத்தைப் பக்கத்தில் வைத்தார். காப்பி வந்தது, ஏற்கெனவே குடித்துவிட்டதால் கையை நீட்டவில்லை. அந்தக் கறுப்பு வெள்ளைப் படம் முழுவதிலும் அவர் முதுகில் இருந்த தையல் மட்டும் நீலமாகத் தெரிந்தது, கையுறைக் கை பொட்டலத்தைப் பிரித்துக் கத்தியைச் சரியாக அந்த நீலத்தில் இறக்கியது.

ரெஜினாள்தான் முதல் குரல் எடுத்தாள். பெண்கள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு வட்டமாக உட்கார்ந்து அழுதார்கள். என்ன பெயர் சொல்லி அழுவது என்று தெரியாமல், என் ராசா என்றும் என் ஐயா என்றும், வந்த இடத்தில் குடிநீருக்குக்கூடச் சண்டை போடாத உத்தமரே என்றும் அழுதார்கள். வடிவு அவருக்கும் அழுதாள், திரவியத்துக்கு அழுததில் மிச்சம் இருந்ததையும் சேர்த்து அழுதாள். மாசிலாமணி அண்ணாச்சி தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு குனிந்திருந்தார். டிவியில் போலீஸ் வந்தது, டார்ச் லைட் அடித்தார்கள், யாரோ ஓடினார்கள், யாரோ துரத்தினார்கள், கையுறையைக் கழற்றிக் காட்டினார்கள். தண்ணீர் லாரி வந்து ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போயிற்று. குடியிருப்பில் ஒருத்தரும் கொலைகாரன் யார் என்று பார்க்கவில்லை. வடிவு ஒரு தடவைதான் தலையைத் தூக்கிப் பார்த்தாள், அப்போது படத்தில் பங்களா கேட் திறந்தபடி இருந்தது, அந்தப் பெண் அதைச் சாத்தாமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.

படம் முடிந்தது. வந்தவர்கள் எழுந்தார்கள். துட்டி வீடு ஆகிவிட்டதால் யாரும் சொல்லிக்கொள்ளவில்லை; சேலையைச் சரிசெய்துகொண்டு, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, ஒருவர் பின் ஒருவராக இறங்கினார்கள். ரெஜினாள் கடைசியாக எழுந்தாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, அவளும் முறைப்படி ஒன்றும் சொல்லாமல் இறங்கினாள்.

வடிவு தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டாள். காப்பி டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். விளக்கு வைக்கிற நேரத்தில் முன்கதவு ஒருக்களித்துக் கிடப்பதைப் பார்த்தாள். இன்றைக்கு அவள் யாரையும் போயிட்டு வாங்க என்று அனுப்பவில்லை, ஆகவே யாரும் வர வேண்டியதில்லை. போய்க் கதவைச் சாத்தி, தாழ்போட்டாள்.